அடிபம்பின் பிடி

கடைசியாக அவர்கள் சேர்ந்து செய்த வேலை, தண்ணீர் பிடித்தது. சீதா பம்பை அடிக்க, அப்பா கருணாகரன் குனிந்து குடத்தைப் பிடித்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் மயிலாப்பூரில் அந்தத் தெருவுக்கே ஒரு அடிபம்புதான்.

"பின்னாடி நிக்கிற அம்மா நம்ம குடத்தையே பாக்குது."

"தூக்கிட்டு ஓடிடுவாங்களாப்பா?"

"யாரு கண்டா?"

அவர் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் காயத்துக்குக் கட்டுப்போடுகிற வேலை. மூக்கு உடைந்து வருகிறவர்கள் சொல்லும் காரணம் எதையும் நம்பமாட்டார். வழுக்கி விழுந்தேன் என்றால் முழங்கையில் சிராய்ப்பைத் தேடுவார்.

முந்தின வாரம் அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பாஞ்சாலி வந்தாள். மூக்கு வலப்பக்கம் சாய்ந்து, முந்தானையெல்லாம் ரத்தம். கூடவே புருஷன் கபாலி.

"பம்பு பிடி எகிறி அட்ச்சிடுச்சு சார்," என்றாள்.

"எந்த பம்பு? இவன் தோள்ல தொங்குதே, அதுவா?" என்றார் கருணாகரன்.

"சத்தியமா சார், இவுரு அங்க இல்லவே இல்ல!"

எதிரே நின்று வலது கையால் குத்தினால் மூக்கு அப்படித்தான் சாயும். வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னார். கபாலியைக் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் மூக்கில் துணி அடைத்து ரத்தத்தை நிறுத்தினார். "வீக்கம் வத்தினதும் வா, நிமிர்த்திடலாம். பத்து நாளுக்கு மேல விட்டா எலும்பு கோணலாவே இறுகிடும்."

"உங்க சங்காத்தமே வாணாம். மூக்கு போனா போவுது," என்று பாஞ்சாலி எழுந்து போய்விட்டாள்.

சீதாவுக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "படம் எடுத்தீங்களாப்பா?" என்று அன்று வீட்டில் கேட்டாள்.

"படத்துல எலும்பு தெரியும். அடிச்ச கை தெரியுமா?"

இன்று பம்பின் ஆணி நழுவியது. பிடி சீதாவின் கையை உதறிக்கொண்டு எகிறி, குனிந்திருந்த அவருடைய இடது கன்னத்தை உரசிப் போயிற்று. கன்னத்தைத் தடவியபடி பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி குனிந்து பார்த்தார். இடப்பக்கமிருந்துதான் வருகிறது; மூக்கில் பட்டால் வலப்பக்கம்தான் சாயும்.

"நிஜத்தைத்தான் சொல்லியிருக்கா, சீதா."

"இப்ப என்னப்பா பண்றது?"

"நாள் இன்னும் இருக்கு. சாயங்காலம் நானே போய்க் கூட்டிட்டு வரேன்." குடத்தைத் தூக்கிக்கொண்டே கேட்டார்: "நான் சொன்னா நம்புவாளா?"

சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். மத்தியானம் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தும் பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சைக்கிளை எடுத்து வர சீதா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதைப் பார்த்த பிறகுதான் பாஞ்சாலியின் நினைவு வந்தது. பத்து நாள் எப்போதோ தாண்டிவிட்டது; எலும்பு இறுகியிருக்கும். அடையாற்றுக்குப் போக அவர் அடித்த காற்று டயரில் அப்படியே இருந்தது.