கமலாட்சி சொன்ன சாட்சி

பர்மாவில், அலோன் படகுத்துறைக் கிட்டங்கியில் முப்பது வருடம் அரிசிச் சாக்குத் தைத்தவள் கமலாட்சி. புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது மகன் தமிழ்மணி ஒருவன்தான். அதே கிட்டங்கியில் மூட்டை தூக்கினான். கோபம் வந்தால் கண்மண் தெரியாது அவனுக்கு.

ஒருநாள் பகல் சாப்பாட்டு வேளையில் மேஸ்திரி பழனியப்பனோடு வாய்ச்சண்டை முற்றி, கையிலிருந்த மூட்டைக் கொக்கியாலேயே அவரை அடித்துவிட்டான். மேஸ்திரி அங்கேயே செத்துப்போனார். கமலாட்சி பத்தடி தூரத்தில் ஊசியும் கையுமாக நின்றிருந்தாள்.

தமிழ்மணிக்காக வாதாடிய வக்கீல் ஷீபாதான் தைரியம் சொன்னாள். "ஆத்திரத்துல நடந்த கொலைக்கு வழக்கமா பத்து வருசம்க்கா. அதுக்கு மேல போகணும்னா, கொடூரமா செஞ்சான்னு நீதிபதி காரணம் எழுதணும். மேஸ்திரிதான் முதல்ல கைய ஓங்கினாருன்னு நீங்க வந்து சொல்லுங்க, போதும்."

சொன்னாள். அது உண்மையும்கூட. ஆனால் அரசு வக்கீல் எழுந்து, விழுந்த பிறகு மேஸ்திரி என்ன செய்தார் என்று பர்மியத்தில் கேட்டார். எதிர் பெஞ்சில் மேஸ்திரியின் மனைவி ராதா உட்கார்ந்திருந்தாள். புருஷனுடைய கடைசி நிமிஷத்தைப் பற்றி இதுவரை யாரும் அவளிடம் வாய் திறந்ததில்லை. கமலாட்சிக்குத் தொண்டை வரை ஒரு பொய் வந்து நின்றது.

"கும்பிட்டாரு," என்றாள். "விட்டுடு தம்பின்னு கும்பிட்டாரு. அதுக்கப்புறமும் ரெண்டு அடி."

தீர்ப்பு இருபது வருடம். கெஞ்சியவரை மறுபடி அடித்தது கொடூரம், அதற்குப் பெற்ற தாயே சாட்சி என்று நீதிபதி காரணத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். கூண்டிலிருந்த தமிழ்மணி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஷீபாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "வக்கீல் ஸயாமா, நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுத்துடறேன். என்னைய உள்ள போடட்டும்."

"இனிமே நம்ப மாட்டாங்கக்கா. அந்தாளு கும்பிட்டது பொய்யா இருந்தா மேல்கோர்ட்டுல பேசலாம். நிஜமா இருக்கே, நான் என்னத்தப் பேச?"

இருந்தும் மேல்முறையீடு போட்டார்கள். தள்ளுபடியானது.

சிறைக்கு நான்கு தடவை போனாள். சோற்றுப் பொட்டலம் உள்ளே போனது. அவன் அவளைப் பார்க்க வரவில்லை. ஐந்தாம் தடவை வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"நான் வெளிய வர்றப்ப உனக்கு என்ன வயசாகும்மா?"

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். "எழுபத்தேழு."

அவன் வேறெதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டான். பார்வை நேரம் இன்னும் பத்து நிமிஷம் மிச்சமிருந்தது. காவலர் வந்து போகச் சொல்லும் வரை கமலாட்சி கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.