கொழும்புத்துறையிலிருந்து மண்டைதீவுக்கு: ஏழு பெண்கள், ஒரு ஸ்கீ போட், தவறான இடத்தில் ஒரு பம்ப்

இந்தப் பதிவை எழுதச் சொன்னவர் சுதா அண்ணை. "உள்ளதை உள்ளபடி எழுது" என்றார். பத்து நிமிடம் கழித்து வந்து, "உள்ளதிலை கொஞ்சத்தை எழுது" என்று திருத்தினார். நான் முதலாவது கட்டளைக்குத்தான் கீழ்ப்படிந்திருக்கிறேன்.

சுதா அண்ணை என் பெரியம்மாவின் மகன். தோகாவில் ஏழு வருடம் ஏசி திருத்தியவர். இந்த ஏப்ரல் விடுமுறைக்கு வந்தவர், சேமிப்பைக் கொட்டி ஒரு பழைய ஸ்கீ போட் வாங்கிவிட்டார். தென்பகுதி ஹோட்டல் ஒன்றில் தண்ணீர்ச் சறுக்கு விளையாடுபவர்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்த படகு அது. இருபது அடி நீளம், ஒன்பது பேர் இருக்கலாம், எஞ்சின் நடுவில் ஒரு பெட்டிக்குள். இனி வெளிநாடு வேண்டாம், யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைக்கலாம் என்பது திட்டம். திரும்பிப் போகும் டிக்கெற் புதன்கிழமைக்கு இருந்தது.

பெரியம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சனிக்கிழமை நான் ஏறிப் பாக்கிறன். மண்டைதீவுக்குப் போய் இறங்கேக்கை என்ரை சீலை நனைஞ்சிருந்தால், நீ புதன்கிழமை பிளேன் ஏறு. நனையாட்டில் இஞ்சை நில்."

என் பெயர் தர்சி, வயது பதினேழு. வீட்டில் நடக்கும் குழப்பங்களில் பாதிக்கு நான் காரணம், மீதிக்குச் சாட்சி. ஆகவே நானும் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை 8.10க்குக் கோப்பாய்ச் சந்தியில் பஸ் ஏறினோம். முதலில் அச்சுவேலி, ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர், அரை மணித்தியாலம், ஆளுக்கு 80 ரூபாய். நீர்வேலியில் ஒரு வாழைக்குலை டிக்கெற் எடுக்காமல் ஏறி என் மடியில் பாதி இருந்தது. அண்ணையின் மடியில் பம்ப். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுகிற பம்ப் அது. 12 வோல்ற் பற்றரியில் ஓடும், மணிக்கு 1100 கலன் தள்ளும், தோகாவிலிருந்து சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே வந்தது. தண்ணீர் மட்டம் ஏறினால் மிதவை ஒன்று எழும்பித் தானாகவே அதை ஓட வைக்கும்.

அச்சுவேலியில் ஒரு லேத் பட்டறையில் அலுமினியத் தகடு வெட்டுவித்தோம். 1,800 ரூபாய், ஒன்றரை மணித்தியாலம். தகடு எதற்கு என்றால், பம்பை நேரே படகின் அடியில் ஸ்குரூ போட்டு இறுக்கினால், தண்ணீரை வெளியேற்றும் கருவிக்காகத் தண்ணீர் வர வழி செய்தவர்கள் ஆவோம். தகட்டைப் பிசினால் ஒட்டி, தகட்டின் மேல் பம்பைப் பூட்ட வேண்டும். இதைச் சரியாகச் செய்தோம். பதிவு முழுவதும் எங்களைத் திட்ட வேண்டாம்.

யாழ்ப்பாணம் பஸ் 10.50க்கு. பட்டணத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தோம், கொழும்புத்துறைக்கு நான்கு கிலோமீற்றர், 500 ரூபாய். ஓட்டோ அண்ணை கண்ணாடியில் பம்பைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, கிணத்துக்கோ?"

"இல்லை அண்ணை, கடலை இறைக்கப் போறம்."

"அப்ப 1,000 ரூவா. கடல் வத்தினால் மீன் விலை ஏறுமெல்லே."

இப்படி ஒரு ஆளைச் சந்தித்தால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். தொழில் மரியாதை.

இனிப் பிழைக்கு வருவோம். படகு கரையில் பனங்குற்றிகளின் மேல் நின்றது. கொழும்புத்துறையில் எல்லா வள்ளங்களையும் இழுத்து வைப்பதுபோல, முன்பக்கம் கரையைப் பார்த்து உயர்ந்து, பின்பக்கம் தண்ணீரைப் பார்த்துச் சரிந்து. பம்பை எங்கே பூட்டுவது? தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை என்று நான்கு வாளி தண்ணீரைப் படகுக்குள் ஊற்றினோம். பக்கத்து வள்ளத்தில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"தம்பி, உதை ஏன் கஷ்டப்பட்டு ஊத்திறியள்? இறக்கிவிட்டால் அது தானா வருமே!"

தண்ணீர் ஓடிப்போய்ப் பின்பக்கம் தேங்கியது. அண்ணை போனில் பார்த்த வெள்ளைக்காரனின் வீடியோவும் பின்பக்கம் என்றே சொன்னது. படகு வேகமாகப் போகும்போது மூக்கு மேலே எழும்பும், தண்ணீர் பின்னால் ஓடும், அங்கே பம்ப் காத்திருக்கும். கரையும் வீடியோவும் ஒரே வாக்குமூலம். பின்பக்கமே பூட்டினோம். பின்னேரம் 5 மணிக்குப் பிசின் காய்ந்துவிட்டது, அண்ணை பாட்டுப் படித்தார்.

சனிக்கிழமை காலை 6.40. பெரியம்மா மட்டும் வருவதாகப் பேச்சு. ஹயஸ் வானிலிருந்து பெரியம்மா இறங்கினார், பிறகு அயல்வீட்டு ராணி மாமி இறங்கினார், பிறகு இன்னும் ஐந்து மாமிமார் இறங்கினார்கள். புட்டுப் பெட்டி ஒன்று, சம்பல் ஒன்று, தேத்தண்ணிப் போத்தல் இரண்டு.

"தனியப் போறது சரியில்லையெல்லே" என்றார் பெரியம்மா.

ஏழு பேர், அண்ணை, நான். ஒன்பது பேருக்கும் லைஃப் ஜக்கெற் இருந்தது. ராணி மாமி கொண்டு வந்த தேசிக்காய்களை, அதாவது எலுமிச்சைகளை, முன்பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினோம். அதில் ஒன்று உருண்டு எங்கோ போனது. எஞ்சின் பெட்டி சூடு, பெற்றோல் மணம் என்று ஒருவரும் பின்னால் இருக்கச் சம்மதிக்கவில்லை. ஏழு பேரும் எஞ்சினுக்கு முன்னால், பெரியம்மா எல்லோருக்கும் முன்னால். 7.05க்குப் புறப்பட்டோம்.

மண்டைதீவு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர். ஸ்கீ போட் நினைத்தால் பத்து நிமிடம். ஆனால் இந்தக் கடல்நீரேரியில் நினைக்க முடியாது. ஆழம் குறைவு, பாசி அதிகம், வழிநெடுக வலை கட்டிய தடிகள். மணிக்கு ஆறேழு கிலோமீற்றர் வேகத்தில், கல்யாண ஊர்வலம்போலத் தடிகளுக்கு இடையில் ஊர்ந்தோம். காற்றில்லை, தண்ணீர் தகடுபோல் கிடந்தது, எல்லோர் வாயிலும் புட்டு. உண்மையிலேயே நல்ல காலை.

7.20க்கு எனக்குக் கை துருதுருத்தது. சட்டைப் பையில் ஒரு றபர்ப் பல்லி இருந்தது, ராணி மாமியின் இருக்கைக்குக் கீழே ஒரு மூடி இருந்தது. இரண்டையும் சந்திக்க வைக்கலாம் என்று மூடியைத் தூக்கினேன். உள்ளே காணாமற்போன தேசிக்காய் நீந்திக்கொண்டிருந்தது.

நான் மெதுவாக அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, முன்னுக்குத் தண்ணி."

"விசர்க் கதை கதையாதை. தண்ணி எண்டால் பம்ப் ஓடுமே."

"பம்ப் பின்னாலை கிடக்கு. தண்ணி முன்னாலை கிடக்கு. ரெண்டும் இன்னும் ஆளையாள் காணேல்லை."

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. எஞ்சினிலிருந்து, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் காற்றாடிக்குப் போகும் இரும்புத் தண்டு படகின் அடியைத் துளைத்துத்தான் வெளியே போகும். அந்த இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது வழக்கம். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த படகில் அது சொட்டாமல் ஒழுகியிருக்கிறது. நாங்கள் வேகமாகப் போகாததால் மூக்கு எழும்பவில்லை. ஏழு பேர் முன்னால் இருந்ததால் மூக்கு தாழ்ந்தே போயிற்று. வந்த தண்ணீர் எல்லாம் எஞ்சினுக்கு முன்னால். இன்னும் ஒரு அங்குலம் ஏறினால் எஞ்சினைக் கிளப்பும் ஸ்ராட்டர் மோட்டர் நனையும், எஞ்சின் நின்றால் திரும்பக் கிளம்பாது. அதற்கு முன்பே, முன்பக்கத்தில் கால் வைக்கும் தட்டுக்கு மேலே தண்ணீர் வந்துவிடும். அங்கேதான் பெரியம்மாவின் சீலை இருந்தது.

"பின்னாலை வரச் சொல்லுங்கோ" என்றேன்.

"ஏனெண்டு கேப்பா. சொன்னால் குனிஞ்சு பாப்பா. பாத்தால் நான் புதன்கிழமை பிளேனிலை."

ஆகவே காரணம் சொல்லாமல் ஏழு பெண்களைப் பின்னால் கொண்டு வர வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக என் திறமைக்கு உத்தியோகம் கிடைத்தது. பின்னால் தூரத்தில் ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

"உங்கை வாற வள்ளத்திலை இருக்கிறது கனடாக் கலா மாமியெல்லே?"

கலா மாமியின் உயிர்க் கூட்டாளியான ராணி மாமி புட்டை விழுங்கினார். "கலாவோ? என்னட்டைச் சொல்லாமலோ வந்தவள்?"

"தலைமயிர் வெட்டியிருக்கிறா போலை."

புட்டுப் பெட்டி மூடப்பட்டது. பிறகு ஆறு பேர் எழும்பினார்கள். அண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டு, "ஒவ்வொரு ஆளா! பிடிச்சுக்கொண்டு!" என்று கத்த, ஒவ்வொருவராகப் பின்னால் வந்து சேர்ந்தார்கள். படகின் மூக்கு எழும்பியது. காலடியில் கலகலவென்று தண்ணீர் பின்னோக்கி ஓடுவது கேட்டது. பம்ப் உறுமியது. பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

பெரியம்மா மட்டும் முன்னால் அசையாமல் இருந்தார்.

"எனக்கு இஞ்சை காத்து நல்லாயிருக்கு" என்றார்.

ராணி மாமி சந்தேகம் தீராமல் கனடாவுக்கே வட்ஸ்அப்பில் அழைத்துவிட்டார். அங்கே முதல்நாள் இரவு பத்து மணி. ரொறன்ரோவில் சோபாவில் இருந்தபடி கலா மாமி படத்தில் தோன்றினார், நீண்ட கூந்தலோடு.

"எடியேய் தர்சி!"

அதற்குள் ஐந்து நிமிடம் ஓடியிருந்தது, பம்பும் ஓடி முடித்திருந்தது. ஆறு பேரும் என்னைத் திட்டுவதற்கு வசதியாகப் பின்னாலேயே இருந்துவிட்டார்கள். அரை மணித்தியாலம் திட்டு வாங்கினேன். எஞ்சின் மறுபடி கிளம்பி, படகு சமநிலையாகப் போனது.

8.05க்கு மண்டைதீவு. பெரியம்மா இறங்கினார். அண்ணை சீலைக் கரையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். ஈரமில்லை. ஒரு துளிகூட இல்லை. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நான் பார்த்தது வேறு. சீலை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. உட்பக்கமாக நான்கு ஊசி குத்தி, வீட்டிலேயே உயர்த்திக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கீழே கால் இரண்டும் ஊறி வெளுத்திருந்தன. செருப்பிலிருந்து தண்ணீர் வடிந்தது. தண்ணீர் தட்டுக்கு மேலே வந்தது அவருக்கு எங்களுக்கு முன்பே தெரியும். வாயைத் திறக்காமல் அதற்குள் காலை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"பெரியம்மா, கால்..."

"என்னடி பாக்கிறாய்? சீலையைப் பற்றித்தான் நான் கதைச்சனான். காலைப் பற்றி ஆர் கதைச்சது?" பிறகு அண்ணையிடம் திரும்பினார். "உந்த டிக்கெற்றைக் கான்சல் பண்ணலாமோ, இல்லாட்டில் அப்பிடியே விடுறதோ?"

அண்ணை நங்கூரக் கயிற்றை மூன்று தடவை கட்டினார். ஒரு தடவை போதும்.

திரும்பும்போது மூன்று பேர் பின்னால், நான்கு பேர் முன்னால் என்று உட்கார வைத்தோம். 10.40க்குக் கொழும்புத்துறை. ஞாயிறு காலை படகைத் தண்ணீரில் மிதக்க விட்டு, மாமிமாரை அவர்கள் விரும்பிய இடத்தில் இருத்தி, மறுபடி நான்கு வாளி ஊற்றினோம். தண்ணீர் நின்ற இடத்தில், எஞ்சினுக்குச் சற்று முன்னால், இரண்டாவது பம்ப். பழையது பின்னாலேயே இருக்கிறது, வேகமாகப் போகும் நாளுக்கு. தண்டு வெளியே போகும் இடத்துக்குப் புதிய அடைப்புக் கயிறு போட்டாயிற்று.

நீங்களும் படகு வாங்கும் எண்ணத்தில் இருந்தால்: கரையில் நிற்கும் படகிடம் பம்புக்கு இடம் கேட்காதீர்கள், அது பொய் சொல்லும். மிதக்க விட்டு, உங்கள் ஆட்கள் உண்மையில் எங்கே இருப்பார்களோ அங்கே இருத்தி, நீங்கள் உண்மையில் போகும் வேகத்தில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் துவாரம், எல்லோரும் ஏறிய பிறகும் கடல் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் கடல் அதே வழியால் உள்ளே வரும். பம்பின் அடிச் சல்லடையில் பாசி அடையும், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவுங்கள்.

படகில் வர நினைப்பவர்கள் ஏழு மணிக்கு முன் கொழும்புத்துறைக்கு வாருங்கள், பிந்தினால் வெயில் தாங்காது. தொப்பி, தண்ணீர் உங்கள் பொறுப்பு. புட்டு கிடைக்கலாம். புதன்கிழமை விமானம் அண்ணையில்லாமல் போய்விட்டது, ஆகவே ஓட்டுநர் இருப்பார். முன் இருக்கையை மட்டும் சனிக்கிழமைகளில் கேட்க வேண்டாம். அதில் பெரியம்மா இருப்பார், இப்போது சீலையைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு.