ஓரகத்தி வீட்டு இருமல்

மனு நாளில் (கைதியைப் பார்க்க அனுமதி கிடைக்கும் நாளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டு என் கணவர் பேசினார். பேசி முடித்துக் கையை எடுத்த பிறகும் அவருடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசிக்கொண்டே இருந்தன, எதையோ உருட்டுவதுபோல.

"இன்னாங்க அது, கையில?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. குளுரு." கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அது சித்திரை மாதம்.

அது ஒரு நோயின் தொடக்கம். வீட்டில் இதே நோய் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் நடுக்கம் வரும் என்பார்கள். ஆனால் அதற்கும் முன்பே அவர் முகத்தில் அசைவு குறைந்திருந்தது. சிறையில் இருப்பவர் சிரிக்காததை நோய் என்று யார் நினைப்பார்கள்?

அவர் ஏன் அங்கே இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் நிலத்துக் கிணற்றில் பங்குத் தகராறு. என் கணவர் ராஜவேலுவும் அவருடைய அண்ணன் கன்னியப்பனும் சேர்ந்தே போனார்கள். அடிதடியில் பங்காளி ஒருவர் இறந்துபோனார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஆயுள் தண்டனை. இறந்தவர் வீட்டுத் துயரத்துக்கு அதுவும் குறைவு என்று சொன்னவர்கள் உண்டு. நான் மறுத்துப் பேசியதில்லை.

ஆனால் இரண்டு தீர்ப்பும் ஒரே நாளில் வரவில்லை. என் கணவர் வயிற்றில் குத்துப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவர் வழக்கைத் தனியாகப் பிரித்தார்கள். அண்ணனுக்கு முதலில் முடிந்தது. இவருடையது இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் புதுச் சட்டம் வந்துவிட்டது. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவரைப் பதினான்கு வருடம் முழுதாக முடிக்காமல் வெளியே விடக்கூடாது என்றது அந்தச் சட்டம். அது வருமுன் தீர்ப்பு வாங்கியவர்களுக்குப் பொருந்தாது. அதனால் அண்ணன் நன்னடத்தைக் கழிவு போகப் பாதிக் காலம் தாண்டியதும் வீட்டுக்கு வந்துவிட்டார். அதே கிணற்றடியில் அவரோடு நின்ற என் கணவர் வரவில்லை.

நானும் ஓரகத்தி சரோஜாவும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருவண்ணாமலையில் ஒட்டுச்சுவர் வீடுகளில் குடியேறியிருந்தோம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மாமா, அதாவது கணவரின் அண்ணன், திரும்பிய பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது எனக்குக் கேட்கும்.

"ஜாஸ்தி இருமறாரும்மா. கண்ணு மூட முடியல" என்று சரோஜாக்கா குறைப்பட்டுக்கொள்வாள்.

எனக்கு வயிறு எரியும். இருமுவதற்கு அவள் வீட்டில் ஆள் இருந்தது. பௌர்ணமிக்கு இருவரும் மலை சுற்றிவிட்டு வருவார்கள். "நீயும் வந்திருக்கலாம்" என்பாள். கால் வலி என்பேன். வலியெல்லாம் இல்லை. அவர்கள் இருவரின் முதுகையும் பார்த்துக்கொண்டு அவ்வளவு தூரம் என்னால் நடக்க முடியாது, அவ்வளவுதான்.

நடுக்கம் தோளுக்கு ஏறிய பிறகுதான் காவலோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். வராந்தாவில் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார் நரம்பியல் மருத்துவர்.

"விலங்கக் கழட்டுங்க" என்றார் காவலரிடம்.

"கொலை கேஸுங்க சார்."

"கை வீச்சு பாக்கணும். கழட்டுங்க."

கழற்றினார்கள். இடது கை வீசியது. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு சும்மா வந்தது. எனக்குப் புரிவதற்கு அது போதுமாக இருந்தது.

"நடுக்குவாதம்மா. பார்க்கின்சன்னு சொல்லுவோம். மூளையில ஒரு சுரப்பு கம்மியாயிட்டுது. முழுசா குணமாகாது. மாத்திர நேரத்துக்குப் போட்டா நடமாடலாம்."

லெவோடோபா (குறைந்துபோன சுரப்பை ஈடுசெய்யும் மருந்து) எழுதிக் கொடுத்தார். நேரத்துக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த நோயில் மருந்தைப் போலவே மணியும் முக்கியம். சிறையிலோ பூட்டுவதற்கும் திறப்பதற்கும் வேறு மணி. மாத்திரை தாமதமான காலைகளில் பக்கத்துப் படுக்கைக்காரர்தான் இவரைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனாராம். அவருக்கே அறுபதைத் தாண்டியிருந்தது.

நோயைக் காட்டி விடுதலை கேட்டேன். சிறை அதிகாரி சின்ன வயது, மரியாதையாகவே பேசினார்.

"உள்ள வயசானவங்க ஜாஸ்தியாயிட்டாங்கம்மா. ஒருத்தர ஒருத்தர் புடிச்சிக்கிட்டு நடக்கறாங்க. எங்களுக்கும் பாவமாத்தான் இருக்குது. ஆனா பதினாலு வருசம் முடியாம எங்க கையில ஒண்ணும் இல்ல."

மேலிடத்துக்குப் போட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை. குற்றத்துக்கு இத்தனை வருடம் என்று முடிவு செய்தவர்கள், அத்தனை வருடத்தில் ஒரு உடம்பு என்னவாகும் என்று யோசிக்கவில்லை. நாற்பதுகளில் உள்ளே போனவருக்கும் கடைசி வருடங்களை முழங்கால் தாங்க வேண்டும், யாராவது சோறு ஊட்ட வேண்டும்.

அந்த அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்த மாலை, மாமா வெந்நீர் கேட்டுக் கத்துகிறார் என்று அக்கா வந்து நின்றாள்.

"கையும் காலும் நல்லாத்தான இருக்குது? அவரே வெச்சிக்கட்டும்!" என்றேன்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். பல நாள் பேசவில்லை.

எண்பதுகளின் கடைசியில் பதினான்கு வருடம் முடிந்து இவர் வெளியே வந்தார். வாடகைக் காரோடு வந்து கைத்தாங்கலாக ஏற்றியவர் மாமாதான். வழியெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகத் தசை விறைப்பு (உணர்ச்சி இருந்தும் முகம் காட்டாத நிலை) என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை.

ஏனென்றால் அண்ணனிடம் சிரித்தார். மாமா தினமும் சாயங்காலம் வருவார். ஒன்றாக இருந்த சிறையின் சமையலறை, ஒரு நொண்டிப் பூனை, வார்டர் ஒருவரின் குறட்டை என்று இருவரும் பேசுவார்கள். இவருடைய உதட்டோரம் லேசாக மேலே போகும். எனக்குத் தெரியாத வருடங்கள் அவர்களுக்குப் பொதுச் சொத்தாக இருந்தன. நான் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன்.

ஒருநாள் தெருக்குழாயில் அக்கா தானாக வாய் திறந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு உன் ஊட்டுலதான் பேசறாரு, தெரியுமா? எங்கிட்ட இருமல் மட்டுந்தான். அவரு உள்ள இருந்தப்ப நான் போவல. வெக்கமா இருந்திச்சி. நீ மாசா மாசம் கூடைய எடுத்துக்கினு பஸ் ஏறுவ. எனக்கு அப்படி ஆத்தரமா வரும் உம்மேல."

"எம்மேலயா?"

"ஆமா. திரும்பி வந்தப்ப நான் அவருக்கு யாரோ மாதிரி ஆயிட்டேன். உனக்கு அப்படி இல்லயே."

குடம் நிரம்பி வழிந்தது. இருவருமே எடுக்கவில்லை. இத்தனை வருடம் நான் பொறாமைப்பட்ட வீட்டுக்குள் இவள் இப்படி உட்கார்ந்திருந்தாள். அதற்காக என் பொறாமை உடனே போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவளோடு பேசுவது மட்டும் எளிதானது.

பிறகு உறைதல் (நடந்துகொண்டிருக்கும்போதே பாதம் தரையில் ஒட்டிக்கொள்வது) தொடங்கியது. வாசற்படியில் வந்து நின்றுவிடுவார். பின்னாலிருந்து தள்ளாதீர்கள், விழுந்துவிடுவார்கள். குறுக்கே ஒரு கோடு போட்டால் தாண்டுவார் என்று மருத்துவர் சொன்னார். கோலமாவால் போட்டேன். சில நாள் தாண்டினார், சில நாள் இல்லை. மாமா பக்கத்தில் நின்று "லெப்ட், ரைட்" என்று குரல் கொடுப்பார். அதற்கும் சில நாள்தான் கால் நகர்ந்தது.

இப்போது எங்கள் நாளை மாத்திரைதான் பிரிக்கிறது. அது ஏறும்போது இவர் கிணற்றில் இறங்கிக் குளித்த பழைய ஆள். இறங்கும்போது என் அப்பாவைவிடக் கிழவர். காலையிலிருந்து மாலைக்குள் பல வயதுள்ள கணவர்களுக்குச் சோறு போடுகிறேன். எனக்கும் முட்டி வலி வந்துவிட்டது, இது நிஜமானது. இவர் உறைந்தால் பின்னால் அல்ல, பக்கத்தில் நிற்கக் கற்றுக்கொண்டேன்.

சென்ற வாரம் படியில் நின்றுவிட்டார். கோடு பலிக்கவில்லை, மாமாவின் குரலும் பலிக்கவில்லை. நான் போய் அவர் பாதத்துக்குப் பக்கத்தில் என் பாதத்தை வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் என் காலை மெல்லத் தூக்கிப் படிக்கு அந்தப் பக்கம் வைத்தேன். அவர் காலும் வந்தது.

மாமா போன பிறகு, நோயில் தேய்ந்துபோன சின்னக் குரலில் இவர் சொன்னார்: "அண்ணன் கூப்ட்டா வர்ல. உன் காலு போனா என் காலு வருது."

இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. சரோஜாக்காவிடமும் சொல்லவில்லை. எனக்கென்று வைத்துக்கொண்டேன்.