ஆற்றில் இறங்கிய ஆறு

நான் ஏழாம் வகுப்பு படித்த 2003இல், தீபாவளி நெருங்கிய சீசனில், சிவகாசியில் மாமா போர்மேனாக இருந்த அச்சகத்துக்கு ஒரு காலண்டர் ஆர்டர் வந்தது. உலகத்துப் பழங்குடி மக்களின் சமயங்களைக் காட்டும் காலண்டர். மாதத்துக்கு ஒரு மக்கள், ஒரு படம்.

அச்சில் நிறம் விலகிய தாள்கள் கட்டுக் கட்டாக, வெடிக்குழாய் உருட்டுவதற்கு வீடுகளுக்குப் போகும். என் அம்மாவும் அப்படி உருட்டுகிறவள்தான். ஆனால் அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாமி படம் விழுந்த தாளை வெடிக்குக் கொடுக்க மாட்டார்கள். சிதறித் தெருவில் மிதிபடக் கூடாது. தனியே சேர்த்து, ஆற்றின் குறுக்கே உள்ள வெம்பக்கோட்டை அணையில் கரைப்பார்கள். தாள்களைப் பிரித்துவைப்பது மாமாவின் மனைவியும் என் அப்பாவின் தங்கையுமான அத்தையின் வேலை.

லட்சுமி, முருகன் என்றால் அத்தை கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவாள். இந்தக் காலண்டரின் வீணான தாள்களைப் பார்த்துத் திகைத்துப்போனாள். ஒரு மாதத்தில் கரடி, ஒன்றில் மேளம், ஒன்றில் சிவந்த பாறை, ஒன்றில் வெறும் மரங்கள். தாள் வாங்க அம்மாவும் நானும் போய் நின்றோம். வீட்டில் பசை காய்ச்சியாயிற்று. அந்தக் கட்டு கிடைக்காவிட்டால் அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க வேலை இல்லை.

"கரடிதானே, குடுத்துவிடு" என்றார் மாமா.

"பிள்ளையாருக்கு யானைத் தலை இல்லையாக்கும்? விசாரிக்காமக் குடுக்க மாட்டேன்" என்றாள் அத்தை.

மாமா, ஆர்டர் கொடுத்த சென்னைப் பேராசிரியருக்குப் போன் போட்டார். "சார், இந்த ஜனவரி சாமியா, இல்லையா?"

அவர் சொல்லச் சொல்ல மாமா எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். ஜப்பானின் வடக்கே ஐனு மக்களுக்குக் கரடி, விருந்தாளியாக வந்துபோகும் தெய்வமாம். சைபீரியாவில் பூசாரி மேளத்தையே குதிரையாக்கி ஏறித்தான் ஆவிகளின் உலகத்துக்குப் போவாராம். ஆஸ்திரேலியாவில் அந்தப் பாறை முன்னோர். நம் நாட்டுக் கிழக்கே சந்தால்களுக்கு மரத்தோப்பே கோயில். நம் நீலகிரித் தோடர்களுக்கோ எருமைப்பால் வைக்கும் குடிசை. ஆப்பிரிக்காவில் ஓர் ஆறு, அம்மன். எதுவும் இன்னொன்றைப் போல இல்லை. எனக்கு வியப்புத் தாங்கவில்லை. விளையாட்டாக ஆரம்பித்த மாமாவின் குரல் மாதத்துக்கு மாதம் தணிந்துகொண்டே வந்தது. டிசம்பரில் வானம் மட்டும்தான் இருந்தது. அதையும் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார்.

"பன்னெண்டும் சாமிதானாம்."

"ஒங்க அண்ணன் வீட்டு அடுப்புக்கு எந்த மாசத்துச் சாமி வந்து நெருப்பு வைக்கும்னு கேட்டுச் சொல்லு" என்றாள் அம்மா அத்தையிடம்.

"கோவிச்சுக்கிடாதீக மதினி. நம்ம குலசாமிக்கு மட்டும் மூஞ்சியா இருக்கு? நட்டுவச்ச கல்லுதானே. அதை வெடிக்குள்ள சுருட்டச் சொன்னா சுருட்டுவீகளா?"

அம்மா கொண்டுபோன சாக்கை மடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அணைக்கு அம்மாவும் வருவாள் என்று அத்தை எதிர்பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் முதலில் இறங்கியவள் அம்மாதான். அத்தை எடுத்துக் கொடுக்க, ஒவ்வொரு தாளாக வாங்கி நனைத்து நீரில் விட்டாள். கரடி போயிற்று. பாறை போயிற்று. கடைசியில் அந்த ஆப்பிரிக்க ஆறு.

"ஆத்துக்குள்ள ஆத்தைப் போடுறியேம்மா!" என்றேன்.

"ரெண்டும் அக்கா தங்கச்சிக. பேசிக்கிடட்டும்" என்றாள்.

அம்மா வேடிக்கை பேசுகிறாள் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தண்ணீரில் கைகோத்து நின்ற அம்மாவும் அத்தையும் ஏன் சிரிக்கவில்லை என்பது அன்று எனக்குப் புரியவில்லை.