சடைக்குள் இருந்த குரல்

பாரிசில், தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நான் மதியம் சாப்பிடும் கடையில் கொத்துரொட்டி போடுபவர் நெடிய மனிதர். அகன்ற தோள், நரைத்த மீசை. வாசலில் புதுக்குரல் கேட்டால் போதும், கொத்துவதை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு டிசம்பரில், நத்தார் பண்டிகை வாரம், கைபேசியில் ஒரு பழைய நிகழ்ச்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பேர்பெற்ற விண்வெளிப் படமொன்றை வைத்து இங்குள்ள தொலைக்காட்சி ஒன்று எடுத்த நத்தார் சிறப்பு நிகழ்ச்சி அது. படுமோசம் என்பதாலேயே ஆட்கள் வருடாவருடம் தேடிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உடம்பெல்லாம் சடை வளர்ந்த வேற்றுக்கிரகவாசிகள் நத்தார் மரத்தைச் சுற்றி ஆடும் இடம் வந்தது. என் தட்டை மேசையில் வைத்தவர் எட்டிப் பார்த்தார்.

"அதிலை உயரமானது நான்தான்."

"என்ன அண்ணை, பகிடியோ?"

"இல்லைத் தம்பி. நான் வந்த புதுசு. உயரமான ஆக்கள் தேவையெண்டு எடுத்தவங்கள். உங்கடை பாஷையிலை என்னெண்டாலும் கத்துங்கோ எண்டு சொன்னவங்கள். சத்தத்தைக் கூட்டிக் கேளும்."

கேட்டேன். சடைக்குள்ளிருந்து ஒரு குரல் தமிழில் கூவியது: "டேய், நான் லாச்சப்பலிலை நிக்கிறன். வந்து தேடடா!"

பிரான்சுக்கு வரும் வழியில் பிரிந்துபோன சிநேகிதனுக்காம்.

"ஆனால் அண்ணை, எல்லாரும் இதைச் சிரிக்கத்தானே பாக்கினம்?"

"நல்லாய் எடுத்திருந்தால் ஒருக்காப் பாத்திட்டு மறந்திருப்பினம். இதை இன்னும் பாக்கினம். அவன் ஒருத்தன் சிரிக்காமல் கேட்டால் எனக்குப் போதும்."

இப்போதெல்லாம் நான் வாசலிலேயே, "அண்ணை, நான்தான்," என்று சொல்லிவிட்டுத்தான் நுழைகிறேன். அவர் அப்போதும் திரும்பிப் பார்க்கிறார், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று.