யாரும் தொடாத கையில் நீலத் தடங்கள்

இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, நான் வசிக்கும் கணபதி பகுதியில் ஒரு மருந்துக்கடையில் பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் குளிக்கும்போது, யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் கையில் ஐந்து நீலத் தடங்கள். நான் தனியாக வசிப்பவள். பயந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். மறுநாள் தொடையிலும் தடங்கள். பல் துலக்கியபோது ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "ஏனுங்க அம்மணி, புதுசா ஏதாச்சும் மாத்திரை போட்டீங்களா?" என்றார் டாக்டர். தலைகுனிந்து சொன்னேன்.

"அது உங்க பழைய மாத்திரையோட வேகத்தை ஏத்திப்போடுமுங்க. தோலுக்கடியில கசிஞ்ச ரத்தந்தானுங்க இந்த நீலத் தடம். இன்னும் உட்டிருந்தா மூளைக்குள்ளயே கசிஞ்சிருக்கலாமுங்க."

மூன்று நாள் சிகிச்சையில் பிழைத்தேன். இப்போது எந்த மருந்துக்கும் முதலில் என் மாத்திரைச் சீட்டை நீட்டுகிறேன். எங்கே அரிக்கிறது என்பதையும் டாக்டரிடம் வாய்விட்டே சொல்கிறேன்.