பின்னறைக்கு அடியில்

போன ஞாயிறு, கார்த்திகையின் முதல் ஞாயிறு. மழை விட்டிருந்தது. நெம்மேலிப் பக்கம் ஒரு வீட்டின் பின்புறம் நின்று, சுவரின் அடியிலிருந்த திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் ஒரு பெண் தவழ்ந்து போயிருந்தார்.

என் மனைவியின் தம்பி முருகேசன் வாங்க நினைத்த வீடு அது. மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. வெள்ளிக்கிழமை அக்ரிமென்ட் என்று நாள் குறித்தாகிவிட்டது. பத்திரங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தவன் நான் — இந்த வேலையில் எனக்குள்ள ஆசை, இந்தப் பத்தியைப் படித்துவரும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பிசிறும் இல்லை. வாஸ்து பார்த்தாயிற்று. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டு உப்பும் பார்த்தாயிற்று.

இதற்கு மேல் என்ன பார்ப்பது?

"கீழ பாக்கணும் சார்" என்றார் ரேவதி. வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்லும் சிவில் இன்ஜினியர், செங்கல்பட்டுக்காரர். திறப்புக்குள் தவழ்ந்து போயிருந்தவர் அவர்தான்.

மனை பள்ளம். வெள்ளம் ஏறக்கூடாதென்று தூண் எழுப்பித் தரை போட்டிருந்தார்கள். கீழே ஓர் ஆள் ஊர்ந்து போகிற அளவுக்கு வெற்றிடம், சுற்றிலும் சுவர். சுவரில் காற்றுக்காக விட்ட துளைகளையெல்லாம் வீட்டுக்காரர் தனபால் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார். ஆள் நுழையும் திறப்பு ஒன்றுதான் மிச்சம், அதற்கும் பலகை மூடி.

"பாம்பு பூந்துகினே கீது சார். பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீது. பின்னறையில கைக்கொழந்தையோட தூங்குது. வேற இன்னா பண்றது?"

நியாயம்தானே? நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

முருகேசனுக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, இன்னா இவ்ளோ நேரம்? உள்ள நாஸ்தா துன்னுகினு கீறாங்களா?"

ரேவதி வெளியே வந்தார். தலைவிளக்கு முதல் முழங்கால் வரை சேறு. எங்களைத் தாண்டி நேராகத் தனபாலிடம் போனார்.

"அண்ணே, பின்னறையில இருக்கிறவங்கள மொதல்ல முன்னாடி ரூமுக்கு மாத்துங்க. பீரோவையும் எடுத்துடுங்க."

காரணத்தையும் சொன்னார்: அடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கிறது. காற்றுப் போக வழியில்லை. கடற்கரை உப்பு, ஈரத்தோடு சேர்ந்து, தரையைத் தாங்கும் உத்தரத்தின் கம்பியைத் தின்றிருக்கிறது. காங்கிரீட் உப்பிப் பெயர்ந்து, கம்பி பல்லை இளிக்கிறது.

தனபாலுக்கு முகம் சிவந்தது. "வூட்ட வாங்க வந்தீங்களா, நாலு பேர் எதிர்ல மானத்த வாங்க வந்தீங்களா?"

ரேவதி வாதாடவில்லை. செல்போனில் எடுத்த படத்தை நீட்டினார். "இது உங்க பேரப்புள்ள கட்டிலுக்கு நேர் கீழ அண்ணே."

தனபால் பார்த்தார். பிறகு உள்ளே போய், தூங்கும் குழந்தையைத் துணியோடு அள்ளிக்கொண்டு வந்தார். பீரோவை நகர்த்த ஆள் போதவில்லை. விற்பவர் ஒரு பக்கம், வாங்க வந்தவன் மறுபக்கம்... இருவரும் மூச்சு வாங்கத் தூக்கினார்கள்.

திரும்பும் வழியில் முருகேசனிடம் கேட்டேன்: "வெள்ளிக்கிழமை?"

"இன்னா வெள்ளிக்கிழமை... வாங்கியிருந்தா அங்க என் புள்ளைங்க இல்ல மாமா படுத்துகினு இருக்கும்? அந்தம்மாவுக்கு ஒரு கும்பிடு போடாம வந்துட்டன் பாரு." அன்று மாலையே போன் செய்து அந்தக் கும்பிடைப் போட்டுவிட்டான்.

புதன்கிழமை முட்டுக் கொடுக்க வந்த மேஸ்திரி, உத்தரத்தைக் கடப்பாரையால் லேசாகத் தொட்டாராம். அடிப்பக்கம் பாளம் பாளமாக விழுந்திருக்கிறது. பின்னறையில் அப்போது யாரும் இல்லை. தனபால் முதலில் கூப்பிட்டது ரேவதியைத்தான். "நீ நல்லா இருக்கணும்மா" என்றாராம்.

வீடு பார்க்கப் போனால் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். பத்திரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் பார்க்கிறோம். தூங்கப்போகும் இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறதென்று குனிந்து பார்க்கத் தோன்றுவதில்லை. நமக்காகச் சேற்றில் தவழ ஒருவர் இருக்கிறாரே — அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

தனபால் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். மகளையும் குழந்தையையும் தை மாதம் கல்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குமுன் மாப்பிள்ளை வீட்டையும் ஒருமுறை சோதித்துத் தரும்படி ரேவதியிடம் கேட்டிருக்கிறார்.

சம்பந்தி என்ன சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை.